வெள்ளிக்கிழமை கவிழ்த்த அண்டா

சாயங்காலம் நாலு இருபதுக்கு நான் அண்டாவைக் கவிழ்த்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் முன் பழைய தண்ணீரையெல்லாம் கொட்டி, பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிப்பது என் வழக்கம். கடைசிக் குடமும் வாசலில் ஓடி மறைந்த நேரத்தில், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, இடுப்பு வலிக்குது."

மருத்துவச்சி சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சூலூரில் அந்தக் கோடையில் நொய்யல் வெறும் மணல். தெருவுக்குக் குழாய் வரும் என்று பேச்சு மட்டும் வந்திருந்தது. ஆற்று மணலில் தோண்டிய ஓர் ஊற்றுதான் எங்கள் தெருவுக்கு. கொட்டாங்கச்சியால் மொண்டு, வீட்டுக்கு இரண்டு குடம். பிறகு ஊறும்வரை விட்டுவிட வேண்டும். மண்வெட்டி வைக்கக் கூடாது. மகள் வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்: "நேத்து ஊத்துல எடுத்ததுதானம்மா. ஒரு ராத்திரியில கெட்டா போச்சு?" நானும் படித்தவள்தான். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் படிப்பு ஒதுங்கிக்கொள்ளும்.

இப்போது வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினேன். என் கணவர் குடத்தோடு ஆற்றுக்கு ஓடினார். அவசரத்தில் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார். அரைமணி கழித்து முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றார். குடம் காலி.

"என்னங்க ஆச்சு?"

"சீக்கிரம் ஊறட்டும்னு கொஞ்சம் அகலமா வெட்டிப்போட்டேன். கரை சரிஞ்சு மூடிருச்சு."

அந்தக் காலிக் குடத்தை வாங்கி, ஒரு சொட்டாவது இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தேன். அன்று பிறந்த பேத்தி இப்போது வீடெல்லாம் தவழ்கிறாள். ஆனாலும் யாராவது அண்டாவை உருட்டினால், எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். அன்று சிரித்தவள் மகள் ஒருத்திதான். "நான் சொன்னப்பக் கேக்கல. இப்ப உன்ற பேரப்புள்ள கேக்குது, பதில் சொல்லு."

பக்கத்து வீட்டுக்காரி தறியை நிறுத்திவிட்டு வந்தாள். "ஏனுங்க்கா, நேத்துத் தண்ணியில புழுவா நெளிஞ்சுது?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் போய், அவள் வீட்டு நேற்றுத் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்தாள். அவள் சொல்லித் தெருவே வந்தது. குடம், தவலை, வாளி. பயத்தில் நான் எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்கள் இரவுச் சோற்றுக்கு எந்தத் தண்ணீரில் உலை வைப்பார்கள் என்று நினைக்கவும் இல்லை.

ஆறு மணிக்கு மருத்துவச்சி வந்தார். உள்ளே போய் மகளைப் பார்த்தார். வெளியே வந்து, நடையில் வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரின் சேற்றுக் காலையும் பார்த்துக் கதையைக் கேட்டுக்கொண்டார்.

"புள்ள நல்லா இருக்குதுங்க அம்மணி, பயப்படாதீங்க. பொறக்கப்போறது கொழந்தைதானுங்க, யானைக்குட்டி இல்ல. ரெண்டு போசி சுடுதண்ணி போதும். மத்ததை அவங்கவங்க ஊட்டுக்குக் குடுத்துப்போட்டு, அந்த ஊத்தை ரெண்டு நாளைக்குத் தொடாம உடுங்க. அதுவும் இப்பப் பச்சை ஒடம்புதானுங்க."