சிம்னி வைத்த வீடு

தைலமரச் சுள்ளி எரிந்தால் புகையில் ஒரு மருந்து நெடி வரும். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தை ஒட்டி நாங்கள் இருந்த லைன் வீட்டில் அந்த நெடி ஒருநாளும் தங்கியதில்லை, ஏனென்றால் எங்களைச் சுற்றி இருந்தது சுவரல்ல, மூங்கிலைப் பிளந்து பின்னிய ‘தட்டி’. அம்மா அடுப்பு மூட்டினால் புகை அதன் இடுக்குகளில் கசிந்து தானாக வெளியேறிவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கக் கூலிகளுக்குப் போட்ட அந்த வீட்டில் மழைச்சாரலும் பக்கத்து வீட்டுச் சண்டையும் அதே இடுக்குகள் வழியாகத்தான் உள்ளே வந்தன என்பதால் எனக்கு அதன்மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஆனால் பாறை உடைத்து உடைத்து நெஞ்சில் கல்தூசி ஏறிப்போன என் நைனாவால் அங்கே மூச்சுவிட முடிந்தது.

அம்மா ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். ஒரு முழம் தடித்த சுவர், அறைக்கு அறை கதவு, கணப்பில் கட்டை கட்டையாக எரித்தாலும் கண் கரிக்காத காற்று என்று அந்த வீட்டைப் பற்றிச் சொல்லி மாளாது அவளுக்கு. துரைகள் ஊருக்குப் போய்ச் சில வருஷம் கழித்து, ஒரு கன்ட்ராக்டர் புது குவார்ட்டர்ஸ் கட்டுவதாகவும், லைனைக் காலி செய்பவர்களுக்கு அது கிடைக்கும் என்றும் மேஸ்திரி வந்து சொன்னார்.

“பங்களா மாடலு! வூட்டுக்கு வூடு சிம்னி கீது!”

நைனாவுக்குத் தெரிந்த சிம்னி, மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிதான். “இன்னாத்துக்கு சிம்னி? கரண்டு குடுக்கமாட்டானா?” என்றார்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “அய்ய, வெளக்கு சிம்னி இல்லய்யா! பங்களா மேல செங்கல்லு வச்சு கட்டி நிக்குமே, பொகை போற வழி. உன் இருமலுக்கு அதான் மருந்து.”

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். துரை வீடு மாதிரி வீட்டுக்குப் போகிறோம் என்று வகுப்பெல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த வரிசை நிஜமாகவே அழகாக இருந்தது. ஓட்டுச் சரிவுகளின்மேல் சின்னச் சின்னதாய்ச் சிவப்பு சிம்னிகள். பால் காய்ச்ச அம்மா அடுப்பு மூட்டினாள். புகை மேலே போய், சமையலறையின் வெள்ளையடித்த தளத்தில் முட்டி, திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது. எங்கேயோ மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள் என்று அம்மா துடைப்பக் கட்டையால் தளத்தை மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தாள். நைனா இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

அடுத்த நாள் ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சொன்னார்: “அது சும்மா லட்சணத்துக்கு வச்சதும்மா. வழியெல்லாம் கெடையாது.”

“பழைய வூட்டுக்கே பூடலாம்மே” என்றார் நைனா. போய்ப் பார்த்தால், லைன் இருந்த இடத்தில் தட்டிகளைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் உலை வைத்தால் நைனா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். மார்கழிப் பனியிலும் அப்படித்தான். “இன்னா தொரை, பங்களா புடிக்கலயா?” என்று தெருவில் போகிறவர்கள் கிண்டல் செய்தால், “காத்து வாங்கறேன்டா, எங்க ஊட்டு சிம்னி நான்தான்” என்று சொல்லிவிட்டு இருமுவார். சிரிப்பு எது, இருமல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவது பனிக்காலத்தை அவர் தாண்டவில்லை.

இப்போது நான் டீச்சராக இருக்கிறேன். லைன்களில் பாதி இல்லை. துரை பங்களாக்களில் ஆபீசர்கள் குடியிருக்கிறார்கள், அவற்றின் கணப்புகளில் இன்றும் நெருப்பு எரிகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் வரிசையைப் பார்த்து, அசல் இங்கிலீஷ்காரன் வீடு மாதிரியே இருக்கிறதே என்கிறார்கள். என் முதல் சம்பளத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி வந்தேன். அம்மா அதைப் பற்றவைத்துவிட்டு வெகுநேரம் பக்கத்திலேயே நின்றாள். கொஞ்சம்கூடப் புகையில்லை.

“இப்ப உள்ளியே குந்தியிருக்கலாம் அந்த மனுசன்” என்றாள்.