நேர்மை வேடம் கட்டிய ஹாமண்ட்

சேணம் தைக்கிற ஹாமண்டுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. தேவாலயத்தில் பிரசங்கம் நடக்கும்போதுகூடக் கால் தாளம் போடும், கண் நாலு பக்கமும் அலையும். அப்படிப்பட்ட ஆளுக்கு ஊர் நாடகத்தில் வஞ்சகம் என்ற வேடம் தானாக வந்து ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

ஆண்டுதோறும் வைக்கோல் அறுப்பு முடிந்ததும் நார்ஃபோக் சீமையின் அந்தச் சிற்றூர்ச் சந்தைத் திடலில் நாடகம். நேர்மை, வஞ்சகம், மனிதன், பிசாசு எல்லாம் அதில் பாத்திரங்கள். நேர்மை நீளநீளமான பாட்டடிகளில் மனிதனுக்குப் புத்தி சொல்லும். ஊர் கொட்டாவி விடும். வஞ்சகம் துள்ளுகிற சந்தத்தில் வந்து குதிக்கும். ஊர் நிமிர்ந்து உட்காரும். நடுவில் வஞ்சகம் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, "நான்தான் நேர்மை" என்று மனிதனை ஏமாற்றப் பார்க்கும். "நம்பாதே, திருடன்!" என்று அப்போது தொண்டை கிழியக் கத்துவது ஜனங்களின் உரிமை. கடைசியில் பிசாசு வஞ்சகத்தை முதுகில் தூக்கிக்கொண்டு நரகத்துக்கு ஓடும்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, மகள் சிஸ்லியின் கல்யாணப் பேச்சு வரும்வரை. தானிய வியாபாரி கில்பர்ட்டின் மகனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கில்பர்ட்தான் முகத்தைச் சுளித்தார்.

"வருஷா வருஷம் பிசாசு முதுகுல ஏறிப் போறவன் எனக்குச் சம்பந்தியா? ஊரு சிரிக்காதாய்யா?"

"அது வேஷங்க. வீட்ல நான் ஒழுங்கான மனுஷன்."

"அப்ப இந்த வருஷம் நேர்மை வேஷம் கட்டு. யாரும் சிரிக்காம நின்னு பேசிக் காட்டு. மேடைய விட்டு இறங்கின கையோட தேதி குறிச்சிடலாம்."

வஞ்சகத்தைக் கசாப்புக்காரன் ரோஜரிடம் விட்டுக்கொடுத்துவிட்டு, ஹாமண்ட் வீட்டில் ஆடாமல் நிற்கப் பழகினான்.

"அப்பா, காலு ஆடுது!" என்பாள் சிஸ்லி.

"நான் எங்கடி ஆட்டுறேன், அதுவா ஆடுது!"

நாடக நாள் வந்தது. ஹாமண்ட் வெள்ளை அங்கியோடு மேடையேறினான். திடல் அவனை உற்றுப் பார்த்தது. பிறகு யாரோ ஒருத்தி கூவினாள்: "அடியே, வந்துட்டான்டி திருடன்! இந்தத் தடவை முதல்லயே வேஷம் மாத்திட்டான்!"

அவ்வளவுதான். அவன் ஓர் அடி சொன்னால் திடல் ஒன்பது பதில் சொன்னது. மனிதனாக நடித்த பேக்கரிக்காரன் பியர்ஸ் மண்டியிட வேண்டிய இடத்தில் திருதிருவென்று விழித்தான். ரோஜர் உள்ளே வந்ததும், "மனுஷா, நீ இவனோடயே போயிடு!" என்று அசல் வஞ்சகத்தின் பக்கம் பியர்ஸை விரட்டினார்கள்.

பழைய வஞ்சகமாக ஒரு முறை கண் சிமிட்டினால் போதும், திடலே ஹாமண்டின் கையில். இமை துடித்தது. அடக்கிக்கொண்டான். பாட்டை விட்டுவிட்டுக் கை கூப்பினான்.

"ஐயா, இது தந்திரம் இல்ல! நெசமாவே நான்தான் நேர்மை. என் பொண்ணு கல்யாணமே இதுல இருக்கு. கொஞ்சம் கேளுங்க!"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழுகை வேறயா! அடேயப்பா, என்னமா நடிக்கிறான்!"

திடல் விழுந்து விழுந்து சிரித்தது. யாரைக் குற்றம் சொல்ல? தீமை நல்ல பெயரைச் சூடிக்கொண்டுதான் வரும் என்று அந்த ஊருக்குப் பாடம் எடுத்தவனே அவன்தானே. ஊர் நன்றாகப் படித்திருந்தது. பாழாய்ப்போன படிப்பு!

நாடகம் முடிந்ததும் கில்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது.

"என்னையே நம்ப வச்சுட்டியேய்யா கொஞ்ச நேரம்!"

"சத்தியமா நான்..."

"சத்தியம் வேற! போதும்யா, வயிறு வலிக்குது. நேர்மையவே இப்படித் திருடுறவன் வீட்ல எப்படிய்யா பொண்ணெடுக்கிறது?"

முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார். ஹாமண்ட் அங்கியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றான். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒரே ஆளான சிஸ்லி கிட்டே வந்தாள்.

"அப்பா, இன்னிக்கு உன் காலு ஆடவே இல்லப்பா," என்றாள்.