படத்தில் தெரியாத ரத்தம்

கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தக் கண்ணாடி பாட்டிலைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், குழாய் வழியாக ஒரு சொட்டு மூத்திரமாவது இறங்காதா என்று. எண்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோம். கட்டிலில் என் மூத்த ஓரகத்தி. பெண் குழந்தை பெற்ற கையோடு அவளுக்கு உதிரம் கொட்டிவிட்டது. ரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்து வைத்தார்கள். ஆனால் அன்றிலிருந்து சிறுநீர் பிரியவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத மருமகள். பச்சைக் குழந்தை என் மடியில் கிடந்தது.

ஸ்கேன் எடுக்க வேன் பிடித்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் வாந்தி. இரண்டு கிட்னியும் அளவிலும் அமைப்பிலும் சரியாக இருக்கின்றன என்று படம் எடுத்தவர் சொன்னார். என் மாமியார் நின்ற இடத்திலேயே மாரியாத்தாளைக் கும்பிட்டு அழுதார்.

படத்தைப் பார்த்த நர்சிங் ஹோம் டாக்டரம்மாவின் முகம் மட்டும் மலரவில்லை. மெட்ராசுக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினில் போட வேண்டும், இன்றே கிளம்புங்கள் என்று என் கணவரின் அண்ணனிடம் கெஞ்சினார்.

"படத்துல உருவம்தாங்க தெரியுது. உள்ள ரத்தம் ஓடுதா இல்லையான்னு இதுல தெரியாது."

அதை வேறு எதில் பார்ப்பது என்று மூத்தார் கேட்டார். இந்தப் பக்கம் அதற்கு வழியில்லை என்றார் டாக்டரம்மா. வழி காட்டாத டாக்டரை யார் நம்புவார்கள்? நல்லாயிருக்கிற கிட்னிக்கு மெட்ராஸ் எதற்கு என்று மாமியார் முடிவு கட்டினார். அவர் முடிவு கட்டிவிட்டால் எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. எங்கள் ஊரான கெடாருக்கே அழைத்து வந்துவிட்டோம். பார்லித் தண்ணியும் இளநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். அத்தனையும் பாசம்தான். குடித்ததெல்லாம் அவள் முகத்திலும் காலிலும் வீங்கி நின்றது.

ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"படம் நல்லாகீதுன்றாங்களே தங்கச்சி, எனக்கு ஏன் ஒண்ணுக்கு வரல?"

நான் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

மூச்சுத் திணறல் கண்ட பிறகுதான் மெட்ராசுக்குக் கார் பிடித்தார்கள். திண்டிவனத்தைத் தாண்ட முடியவில்லை. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த நர்ஸ் அவள் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். மாமியார் அவளிடம் படத்தை நீட்டினார்.

"பாரும்மா, ரெண்டும் நல்லாகீதுன்னு சொன்னாங்கம்மா."

திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவர்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்தக் குழந்தையை நான்தான் வளர்த்தேன். என்னைத்தான் அம்மா என்பாள். சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பிரசவமான மறுநாள், அவளுக்கும் சிறுநீர் குறைந்தது. நான் டாக்டரைத் தேடி ஓடினேன். டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டம் தடைப்பட்டால் ஆபத்து வருவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும் என்றும், இவளுக்கு நன்றாகவே ஓடுகிறது என்றும் டாக்டர் விளக்கினார். மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை நிற்கவில்லை.

"அதான் நல்லா இருக்குன்றாரே, ஏம்மா அழுவுற?" என்றாள்.

"நீ மொதல்ல ஒண்ணுக்குப் போ" என்றேன்.