கொழுக்கட்டையில் ஐந்து விரல்

தீயில் வெந்த என் வலது கை முதலில் வலிக்கவே இல்லை. உள்ளங்கை வெளுத்துப்போய் மெழுகு மாதிரி இருந்தது. வலி இல்லாததால் சின்னக் காயம் என்று நினைத்துவிட்டேன். ஆழமாக வெந்தால் நரம்பும் சேர்ந்து வெந்துவிடும், அதனால்தான் வலி தெரியாது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உங்கள் வீட்டில் தீக்காயம் பட்டவர் வலிக்கவில்லை என்று சொன்னால், நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் தானியக் கடை. கடையை ஒட்டிப் பின்னால் கூரை வீடு. ஒரு மாலை, கோணிகள் அடுக்கியிருந்த மூலையில் பிடித்த தீ கூரைக்கு ஏறிவிட்டது. உள்ளறையில் என் மாமியார் தொழுதுகொண்டிருந்தார். தீயில் காய்ந்திருந்த கதவின் இரும்புக் கைப்பிடியை வலது கையால் பிடித்து இழுத்தேன். கூரை சரிந்து கதவுநிலையை அழுத்தியிருந்ததால் கதவு திறக்கவில்லை. மாமி வெளியே வரவே இல்லை.

காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மரம் வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். மறியல் செய்தவர்களில் ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "யப்பா, பாயம்மா கை வெந்துபோய்க் கெடக்குது. மரத்த இழுங்கடா" என்றார். வெட்டிப் போட்டவர்களே இழுத்து வழிவிட்டார்கள். நாங்கள் கடந்ததும் அதே மரத்தைத் திரும்பக் குறுக்கே இழுத்த சத்தம் கேட்டது.

தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள் (இதைத் தோல் ஒட்டு சிகிச்சை என்பார்கள்). ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. அதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா எங்களுக்குத் தன் பின்கட்டைக் கொடுத்தார். துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வருவது எங்கள் தெரு வழக்கம். எங்களுக்கோ அடுப்பே இல்லை. அதனால் மூன்று நாள் சாப்பாடு மாதக்கணக்கில் வந்தது. எங்கள் கடைக்குச் சாமை போடும் மலைக்காரர்கள் கரியாலூரிலிருந்து மூங்கில் கொண்டுவந்து இறக்கினார்கள். தெரு ஆண்கள் கூடிப் புது வீட்டுக்குச் சுவர் எழுப்பினார்கள்.

பெண்கள் முறைவைத்து எனக்குச் சோறு ஊட்டினார்கள். எனக்குக் கூச்சம் அதிகம். பிறர் முன்னால் வாயைத் திறப்பதே கஷ்டம். போதும் என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். அன்பாக நீட்டுகிற கவளத்தை எப்படி மறுப்பது? இடுப்பில் ஒடுங்கிக் கிடந்த வலது கையை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என் விரல்களை நிமிர்த்திப் பார்த்தார். வரவில்லை. மடக்கிப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"சோறு யாரும்மா ஊட்டறாங்க?"

என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்: "தெருவே ஊட்டுது டாக்டர்."

"அப்ப அந்தத் தெருவத்தான் திட்டணும்."

காண்ட்ராக்சர் (ஆறும்போது தோல் சுருங்கி மூட்டை இழுத்துப் பிடித்துக்கொள்வது) தொடங்கிவிட்டது என்றார். புண் மூடிவிட்டதால் இனி கைக்கு வேலை கொடுக்க வேண்டும், ரப்பர் பந்தைப் பிடித்து அழுத்த வேண்டும், இல்லையென்றால் விரல்கள் இப்படியே நின்றுபோகும் என்றார். பஸ்ஸில் வரும்போது அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அன்று மலையிலிருந்து சாமை மூட்டையோடு அலமேலு வந்திருந்தாள். பல வருஷமாக எங்கள் கடைக்கு வருகிறவள். நான் பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"இன்னா பாயம்மா, பந்து ஆடிக்கினு குந்தியிருக்கீங்க?"

மும்தாஜ் அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"பந்த அமுக்கினா யாரு துன்றது? மாவு பெசஞ்சி குடுங்க, புடி கொயக்கட்ட புடிக்கட்டும்."

அக்கா சிரித்தார். ஆனால் மறுநாள் காலையே வெதுவெதுப்பான மாவை என் முன்னால் வைத்துவிட்டார். புதுத் தோலுக்குச் சூடு தெரியாது. அதனால் அக்கா முதலில் தன் கையை வைத்துப் பார்ப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மாவை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் விரல்தடம் விழ வேண்டும். அதுதான் பிடி கொழுக்கட்டை. என்னுடையதில் ஒன்றும் விழவில்லை. அக்கா அதை அப்படியே வேகவைத்துத் தெருவுக்கு அனுப்பினார். நான் வெட்கத்தில் அறைக்குள் போய்விட்டேன்.

சில நாளில் இரண்டு விரல் விழுந்தது. அதற்குப் பிறகு தெருவுக்கே ஒரு பரபரப்பு வந்துவிட்டது. ஊட்ட வந்தவர்கள் இப்போது மாவோடு வந்தார்கள். டீக்கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம், "பாய், இன்னிக்கி எத்தினி வெரலு?" என்று கேட்பாராம். இவர் மூன்று என்றால், "நேத்தும் மூணுதான? மாவு ஜாஸ்தி கெட்டியோ?" என்று யோசனை வேறு சொல்வாராம். எனக்குக் காலையில் எழுந்ததும் கை மாவுக்குத் துடித்தது. நான்காவது தடம் விழுந்த அன்று, கூச்சத்தை மறந்து நானே தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

சுண்டுவிரல் மட்டும் முரண்டு பிடித்தது.

மாமி இறந்து ஒரு வருஷம் ஆனதும் அவருக்காக ஓதும் வருஷ பாத்திஹா புது வீட்டில் நடந்தது. அடுப்பை மும்தாஜ் அக்கா பற்றவைத்தார். என்னால் இன்னும் அது முடியவில்லை. மாவு எல்லாம் நான்தான் பிடித்தேன். மாமி கேட்டுச் சாப்பிடுகிற வெல்லக் கொழுக்கட்டை. மலையிலிருந்து வந்த அலமேலு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அஞ்சும் வுயுந்துக்குது பாயம்மா. சுண்டுவெரலுதான் கோயி கீறுன மாரி கீது."

தெருவே சிரித்தது. அதற்குள் ஒரு கை அந்தக் கொழுக்கட்டையைப் பிடுங்கி அடுத்தவரிடம் காட்டப் போய்விட்டது. நான் அழுதேன், சிரிக்கவும் செய்தேன். மாமிக்கு அதைக் காட்ட முடியவில்லையே என்பதும் அதில் இருந்தது.

இன்றும் அதிகாலை பஜ்ர் தொழுகைக்கு நான் எழுந்த பிறகுதான் என் வலது கை எழுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் அதை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். முன்பெல்லாம் இதற்குப் பொறுமை இருக்காது. இப்போது அது எழும் நேரம்தான் எனக்கு விடியும் நேரம். கட்டைவிரல் முதலில் அசையும். மற்றவை ஒவ்வொன்றாக வரும். கடைசியில் சுண்டுவிரல் வருகிறதா என்று இன்றைக்கும் அதே ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.