பாய் காருக்கு நான் ஊற்றிய நல்ல தண்ணீர்

சுத்தமான தண்ணீரை உப்புத் தண்ணீர் என்று சொல்லி, நேர்மையான ஒரு கடைக்காரரை நான் ஏமாற்றுக்காரர் ஆக்கினேன். எண்பதுகளின் முற்பாதி அது. காரைக்காலில் ஒரு பள்ளியில் ரசாயனம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விஷயத்தில் என் சொல்லை யார் சந்தேகிப்பார்கள்?

பக்கத்து வீட்டுப் பாய், வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பாட்டரியில் ஓடும் சுமைவண்டிகளைப் பழுதுபார்த்தவர். ஊர் திரும்பும்போது ஒரு மோட்டாரை மரப்பெட்டியில் கொண்டுவந்தார். எஞ்சின் செத்துப்போன பழைய காரில் அதைப் பூட்டி, பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஆறு லாரி பாட்டரிகளை வைத்தார். எல்லாம் மனைவிக்காக. அவருக்கு ஆஸ்துமா, பஸ் புகை பட்டால் மூச்சு இழுக்கும். பக்கத்து ஊரான பூவத்தில் கட்டிக்கொடுத்த மகளை அவர் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது.

எனக்கு அந்தக் கார் தீராத வேடிக்கை. சத்தமே வராததால் ஆடுகள் நகராது. பாய் ஒரு கைமணி வைத்திருந்தார். சாயங்காலம் தெருவெல்லாம் விளக்குப் போட்டதும் வோல்டேஜ் இறங்கி, சார்ஜரின் உறுமல் முனகலாகிவிடும். பூவத்தில் சம்பந்தி வீட்டில் ஒயரைச் செருகினால் அவர்கள் மின்விசிறி மெதுவாகும். எதிர்காற்றில் எவ்வளவு தூரம் குறைகிறது என்று கூடவே போய் நோட்டில் குறித்துவைத்தேன். அமிலம் தெறித்து என் வேட்டிகள் சல்லடையாயின.

"என்ன பாய், சாவி குடுக்குற பொம்மைக் காரா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"ஆமாங்க. ராத்திரி பூரா சாவி குடுத்தா பூவம் போயிட்டு வரும்!"

ஒரு சமயம் பாய் நான்கு மாதம் பம்பாயில் தங்க வேண்டிவந்தது. பாட்டரிகளை என்னிடம் ஒப்படைத்தார்.

"வாரம் ஒருக்கா சார்ஜ் போடுங்க சார். தண்ணி கொறஞ்சா ஊத்துங்க. நல்ல தண்ணியா ஊத்துங்க."

அவர் சொன்னது பாட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை. எங்கள் பக்கம் கிணற்றுநீர் உப்பு என்பதால், குழாயில் வரும் குடிநீருக்கும் நல்ல தண்ணி என்றே பெயர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிய முடியாது. அதிலும் உப்பு உண்டு, அது பாட்டரித் தகடுகளை அரிக்கும் என்று வகுப்பில் சொல்பவனே நான்தான். கடைத் தண்ணீர் தீர்ந்ததும், சைக்கிள் மிதிக்கச் சோம்பிக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன்.

பாய் திரும்பியதும் மனைவியோடு பூவம் கிளம்பினார். கோட்டுச்சேரி தாண்டியதும் கார் நின்றுவிட்டது. பஸ்ஸில் வீடு திரும்பிய அந்த அம்மா மூச்சு இழுத்து, இரண்டு நாள் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

"கடைத் தண்ணிதானே சார் ஊத்துனீங்க?"

"அதேதான் பாய்."

பாய் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். கடைக்காரர் ஒரு புட்டித் தண்ணீரோடு அவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார் படிச்சவங்க. பள்ளிக்கூடத்துல சோதிச்சுச் சொல்லட்டும். அப்புறம் என்னைத் திட்டுங்க."

சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டால் போதும். உப்பிருந்தால் தண்ணீர் பாலாக வெளுக்கும். கடைத் தண்ணீர் வெளுக்கவில்லை. குழாய்த் தண்ணீரிலும் விட்டேன். வெண்மை மேகம்போல் இறங்கியது. அந்த நிலையிலும் அதை ரசித்து நின்றேன். பிறகு பாயிடம் போய், "கடைத் தண்ணியில உப்பு இருக்கு" என்றேன்.

பாட்டரிக்குத் தகடு மாற்றத் தெரிந்தவர் அக்கம்பக்கத்தில் அந்தக் கடைக்காரர் ஒருவரே. பாய் அவர் வாசலை மிதிக்கவில்லை. கார் கொட்டகையில் கிடந்தது. பூவத்திலிருந்து யார் வந்தாலும் அந்த அம்மா கேட்பது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்: "பேத்தி நடக்குதாமே? எப்படி நடக்குது?"

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பாயைக் கடைக்கு அழைத்துப்போய், இரண்டு குடுவைகளில் இருவர் கண்ணெதிரே சொட்டு விட்டேன்.

"வெளுத்தது நான் ஊத்துனது. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

பாய் குனிந்து பார்த்தார். "இன்னொரு தரம் விடுங்க" என்றார். விட்டேன். பிறகு கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் தகடு மாற்றிக்கொடுத்தார். இனி கடைக்கு வேண்டிய வடித்த தண்ணீரைப் பள்ளியில் நானே தயாரித்துத் தருவதாகச் சொன்னேன். சரி என்றார். சில்வர் நைட்ரேட் புட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். சனிக்கிழமைதோறும் ஜாடியை நீட்டுவேன். "சார் தண்ணி. சொட்டு விட்டுத்தான் எடுக்கணும்" என்று, நிற்பவர்கள் முன்னாலேயே சோதிப்பார்.

என் வீட்டைத் தாண்டும்போது பாய் மணி அடிப்பதை விட்டுவிட்டார். அதனால் கார் போனதும் வந்ததும் எனக்குத் தெரியவில்லை. ஒரு மாலை சுவருக்கு அந்தப் பக்கம், "என் வெரலப் புடிச்சிக்கிட்டே நடக்குது" என்று அந்த அம்மா யாரிடமோ சொன்னபோதுதான் தெரிந்தது.