தாமரை போட்ட கார்டு

பஞ்சாட்சரத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அத்தனை படித்த மனுஷன் இப்படியா ஏமாறுவார்?

மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்தில் எனக்குப் பக்கத்து அறை அவருக்கு. கல்யாணம் ஆகவில்லை, உறவென்று எட்டிப் பார்த்தவர்களும் இல்லை. கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கில் குமாஸ்தா. அறுபத்தொன்பதில் அங்கே இயந்திரம் பூட்ட மோரி என்ற ஜப்பான்காரர் வந்தார். அவரும் தனிக்கட்டை, இவர் வயதுதான். பெட்டிகளின் மேலிருந்த எழுத்தைக் கேட்கப்போய்ச் சிநேகிதம் பிடித்துக்கொண்டது. எட்டு மாதத்தில் மோரி ஒரு அகராதியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். பிறகு வருஷா வருஷம் ஜப்பானிய மொழியில் ஒரு புத்தாண்டுக் கார்டு. பஞ்சாட்சரத்துக்கு வந்த ஒரே தபால் அதுதான்.

அதைப் படிக்கத்தான் தினமும் அத்தனை பாடு. மரத்துக்கு ஒரு எழுத்தாம், இரண்டு மரம் தோப்பாம், மூன்று காடாம், காடென்றால் மோரியாம். வருஷம் என்ற எழுத்து தனியாக நின்றால் 'தோஷி', இன்னொன்றோடு சேர்ந்தால் 'நென்'. அப்படியானால் நீங்கள் என்றைக்கும் தோஷிதான் என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

எழுபத்துநான்கில் கார்டு டிசம்பர் தொடக்கத்திலேயே வந்தது. சாம்பல் நிறத்தில் தாமரைப்பூ. 'புத்தாண்டு', 'வாழ்த்து' இரண்டும் தெரிந்த எழுத்துகள். முதலில் இருந்தது மட்டும் தெரியவில்லை. பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். தாமரை என்றால் லட்சுமி கடாட்சம் இல்லையா? முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பூக்காரி தேவானையிடம் தினம் ஒரு முழம் வாங்கிச் சாத்தினார். இந்த வருஷமாவது மெட்ராஸுக்கு வாருங்கள் என்று குஷியாகப் பதிலும் போட்டார். அட மகானுபாவா, முகவரி வேறு யாருடைய கையெழுத்திலோ இருந்ததே!

பொங்கலன்று அகராதியோடு உட்கார்ந்தார். தெரியாத அந்த முதல் எழுத்துக்குள் 'வாய்' என்ற சின்ன எழுத்து இரண்டு இருந்ததால் அகராதியில் வாய்ப் பகுதியில் தேடினார். துக்கம் என்று இருந்தது. மீதியை அப்புறம்தான் நிதானமாகப் படித்தார். அண்ணன் அக்டோபரில் காலமானார், வீட்டில் துக்கம், ஆகவே இவ்வருஷம் புத்தாண்டு வாழ்த்து இல்லை என்று மோரியின் தம்பி அனுப்பியிருந்தார். அவர்கள் ஊரில் துக்கக் கார்டில்தான் தாமரை போடுவார்களாம்.

கார்டும் கையுமாக வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார். பூ கொடுக்க வந்த தேவானை கேட்டுக்கொண்டு நின்றாள். "சாவுக் கடுதாசிய ஊட்ல வெக்கக் கூடாது நைனா. கிழிச்சுப் போட்டுட்டுத் தலைக்கு ஊத்திக்கோ," என்றாள்.

குழாயடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தார். கார்டைக் கிழிக்கவில்லை. நான் கையை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"இனிமே எனக்கு யாருங்க கடுதாசி போடுவாங்க?" என்றார்.