அம்பு ஒட்டிய கவுன்

"அம்மா, எழுபது பர்சென்ட் ஆஃபர். இன்னும் ரெண்டே பீஸ்தான் கீது, சீக்கிரம் சொல்லு" என்று என் மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அவள் வாங்கிய ஃபிளாட்டில்தான் நானும் இருக்கிறேன். இந்த மாதம் முழுக்க அவளுக்கு இதே வேலை. காபி ஆறிப்போகும், விரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். போனில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவை. எனக்குப் பிடித்த நிறம்.

"கொஞ்சம் திருப்பிக் காட்டு, உள்பக்கம் பாக்கணும்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். "திருப்புனா போனோட முதுகுதாம்மா தெரியும்."

சிரிக்கட்டும். உள்பக்கம் பார்க்காமல் துணியை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிடித்த பழக்கம் அது. வெளிநாட்டுக்குத் துணி தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் செக்கிங் மேஜையில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், எங்களுக்கு ஸ்டூல் கிடையாது. புதுத்துணிக் கஞ்சியும் மெஷின் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. இப்போது பார்சலைப் பிரித்தால் வெறும் பிளாஸ்டிக் நாற்றம்.

தையலில் குறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எழுதவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போடவே எனக்கு அரை நிமிடம் ஆகும். ஆனால் என் மேஜையைத் தாண்டிப் போன துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அம்பு ஒட்டியதை எல்லாம் தீபாவளிக்கு முந்தின வாரம் கேன்டீன் மேஜையில் கொட்டி எங்களுக்கே சல்லிசாகக் கொடுப்பார்கள். எங்கள் ஆஃபர் அதுதான். அரை மணி நேரத்தில் மேஜை காலியாகிவிடும். ஒரு தடவை ஒரு சட்டையை நானும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் அது கையில்லாத சட்டையாகிவிட்டது. இரண்டு பேருமே வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

ஒரு வருடம் மாம்பழ மஞ்சளில் குழந்தைகள் கவுன் வந்தது. இரண்டு பக்கமும் பாக்கெட். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் வகுப்பில் யாரோ ஒருத்தி கவுன் பாக்கெட்டில் வேர்க்கடலை வைத்துத் தின்றாளாம், அன்றிலிருந்து பாக்கெட், பாக்கெட் என்று ஒரே பாட்டு. நானும் வாய் சும்மா இல்லாமல் "இந்தத் தீபாவளிக்கு உனுக்கு ரெண்டு பாக்கெட்டு" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கவுனைத் தைத்தவள் சரோஜா. எங்கள் தெருக்காரி, தினமும் என்னோடு வேலைக்கு நடந்து வருகிறவள். அவள் கையில் குறை வராது. மற்ற நாளில் அதைப் பார்த்தால் எனக்கு மனசு நிறையும். அந்த வாரம் எரிச்சலாக வந்தது. ஒவ்வொரு கவுனையும் புரட்டிப் புரட்டி, ஒரு தையலாவது தவறியிருக்காதா என்று தேடினேன். அவளே கேட்டுவிட்டாள்: "இன்னாக்கா, என் பீஸையே மொறைச்சிக்கினு கீற? கண்ணு பட்றப் போவுது."

பெட்டி கட்டும் நாள் வந்தது. ஏழு வயது அளவில் ஒரு கவுனை எடுத்து, பாக்கெட் ஓரத்தில் அம்பை ஒட்டினேன். அங்கே ஒரு குறையும் இல்லை. கை தவறி ஒட்டியது என்று உங்களிடம் சொல்லலாம். தெரிந்தேதான் ஒட்டினேன்.

அது பேசாமல் அம்பு ஒட்டிய துணிக் கூடைக்குப் போய்விடும் என்று நினைத்தேன். சரோஜா பெயரில் அம்பே வராது என்பதால், சூப்பர்வைசர் அதிசயப்பட்டு அந்தக் கவுனைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவள் மெஷினுக்குப் போய்விட்டார்.

"இன்னா சரோஜா, நீயும் கோட்டை உட்டுட்டியா? கொறை எங்கம்மா? என் கண்ணுக்குத் தெரியலியே."

லைன் முழுக்க மெஷின் நின்றுவிட்டது. சரோஜா கவுனை வாங்கி உள்பக்கம் திருப்பி, தையல் மேல் நகத்தை ஓட்டினாள். ஏழு வயது என்று போட்டிருந்த அளவுச் சீட்டைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஆமா சார், இங்க ஒரு தையல் உட்டுக்கீது. நாந்தான் கவனிக்கல."

"தப்பே வராத கை, தப்பே வராத கைன்னீங்களே, பாருங்க" என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'என் கண்ணுதான் சார் தப்பு' என்று ஒரு வார்த்தை போதும். என் கண் தப்பு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

கேன்டீன் மேஜையில் அந்தக் கவுனை நான்தான் வாங்கினேன். தீபாவளி அன்று காலையில் பாக்கெட் இரண்டிலும் பொட்டு வெடியை அடைத்துக்கொண்டு என் மகள் பலகாரத் தட்டோடு சரோஜா வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். சரோஜா அவளை நிற்கவைத்து, பாக்கெட் ஓரத்தை விரலால் தடவினாள். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நல்லாத்தான் தச்சிக்கீறேன், இல்லக்கா?"

"ஆமா" என்றேன்.

அதற்கப்புறமும் அவளோடு எத்தனையோ சாயங்காலம் நடந்து வந்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே போய்விட்டது. கம்பெனியை மூடினார்கள். சரோஜா தன் மகனோடு நசரத்பேட்டைப் பக்கம் குடி போனதாகக் கேள்வி. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். அப்போதெல்லாம் ஐந்தரைக்குச் சங்கு ஊதினால் ரோட்டை அடைத்துக்கொண்டு நாங்கள் வருவோம், பஸ்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார். போன மாதம் ஆட்டோவில் அந்த வழியாகப் போனேன். ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். சரியாக ஐந்தரை மணி. நடந்து வர ஒரு பொம்பளைகூட இல்லை.